நாலாயிரம் ஒத்திகைகள்

ஹெல்மர் ஃபெல்லோஷிப்பின் முடிவு வருகிற வாரத்தில் இசக்கியம்மாளால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. ஆய்வகத்தில் நின்றாள், வராந்தாவில் நடந்தாள், முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு அமிலமும் காரமும் நடத்திக்கொண்டே மேஜைக்கடியில் போனைத் திறந்து மெயில் வந்திருக்கிறதா என்று பார்த்தாள். பிள்ளைகள் அதைக் கவனித்துவிட்டு, டீச்சருக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள். முப்பத்துமூன்று வயதுப் பெண் போனைப் பார்த்துத் தவித்தால் திருநெல்வேலியில் அதற்கு வேறு காரணம் யாருக்கும் தோன்றாது.

காரணம் வேறுதான். முனைவர் பட்டம் வாங்கி ஐந்து வருடம் தாண்டாதவர்களுக்கு மட்டுமே அந்த ஃபெல்லோஷிப். அவளுக்கு ஆகஸ்டில் ஐந்து முடிகிறது. இதை விட்டால் கௌரவ விரிவுரையாளராகவே காலம் தள்ள வேண்டியதுதான். அந்த வேலையில் கௌரவம் பெயரில் மட்டும்தான் உண்டு. கிடைத்தால் ஒஸ்லோவில் இரண்டு வருடம், கேட்ட கருவி, கேட்ட நூலகம். பனங்கொட்டையைச் சுட்டுக் கரியாக்கி, அதைக் கொண்டு குடிதண்ணீரிலிருந்து ஃபுளோரைடை எடுப்பதுதான் அவள் ஆராய்ச்சி. ஆற்றுத் தண்ணீர் எட்டாத வறண்ட ஊர்களில் அடிபம்புத் தண்ணீரைக் குடித்துக் குடித்துப் பல்லில் பழுப்பேறி, நாற்பது வயதில் முட்டி மடங்காமல் போனவர்களை அவள் நிறையப் பார்த்திருந்தாள். பனங்கொட்டைக்கு அந்த ஊர்களில் பஞ்சமில்லை. ஆகவே இது நடக்கும் என்று நம்பினாள்.

ஹெல்மர்காரர்கள் முன்பு நேர்காணல் வைத்துத்தான் ஆள் எடுத்தார்கள். நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள் வந்து, நன்றாகப் பேசிவிட்டு, இரண்டு வருடம் கழித்து வெறுங்கையோடு ஊர் திரும்பினார்கள். அதில் அலுத்துப்போய்ப் புது முறைக்கு மாறியிருந்தார்கள். விண்ணப்பித்த அன்றே அந்த அறக்கட்டளையின் அலுவலர் தர்சினி வீடியோவில் வந்து அதை விளக்கினாள். யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு நார்வேயில் பிறந்தவள். இசக்கி தமிழ் என்று தெரிந்ததும் ஆங்கிலத்தை விட்டுவிட்டாள்.

"நீங்கள் அனுப்புற ஆய்வேடு, குறிப்புப் புத்தகம், பத்து வருச மெயில் எல்லாத்தையும் வச்சு உங்களைப் போல ஒராளைக் கணினிக்குள்ள கட்டுவம். அவ இஞ்ச வந்து ரெண்டு வருசம் வேலை செய்வா. நாலாயிரம் தரம். ஒவ்வொரு தரமும் வேற மாதிரிப் போகும். அதில எத்தினை தரம் உருப்படியா ஒண்டு வந்தது எண்டு பாத்துத்தான் ஆளைத் தெரிவு செய்யிறது. நாங்கள் ஒத்திகை எண்டு சொல்லுவம்."

அந்த ஆளுக்குத் தான் யாரென்று தெரியுமா என்று இசக்கி கேட்டாள்.

"அவவுக்குத் தன்ர வேலையைத் தவிர வேற ஒண்டும் தெரியாது."

"அப்பம் அது நாந்தான்" என்றாள் இசக்கி. இருவரும் சிரித்தார்கள்.

ஒரு நிபந்தனை மட்டும் கொஞ்சம் கரடுமுரடானது. ஒஸ்லோவுக்குப் போகிறவர் வாரம் ஒரு மணி நேரம் சொந்த ஊரில் இருக்கும் தன் வழிகாட்டிப் பேராசிரியரோடு பேச வேண்டும். ஊரோடு இருக்கும் கயிறு அறுந்துவிடக் கூடாதாம். ஆகவே ஒத்திகைக்குள் பேராசிரியரையும் கட்டியாக வேண்டும். அதற்காக அவருக்கு அறுபது கேள்விகள் அனுப்பினார்கள். பரிந்துரைக் கடிதத்துக்குப் பதிலாக அதை அவர் தம் கைப்பட நிரப்பித் தர வேண்டும்.

இசக்கியின் வழிகாட்டி பேராசிரியர் ஆறுமுகப்பெருமாள். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. யார் வீட்டுக் கல்யாணத்துக்கும் முதல் பந்திக்கு முன்பே போய்விடுவார், யாரையும் கடிந்து பேசமாட்டார். ஆனால் இசக்கியின் ஆய்வேட்டில் அவர் படித்த ஒரே பக்கம் அவர் பெயர் அச்சாகியிருந்த பக்கம். பரிந்துரைக் கடிதம் அந்தத் துறையில் எப்படித் தயாராகும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். கேட்டவரே எழுதிக்கொண்டு வர வேண்டும், சார் கையெழுத்துப் போடுவார். அறுபது கேள்விகளைப் பார்த்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார்.

"ஏம்மா இசக்கி, இதுக்கெல்லாம் எனக்கு எங்க நேரம்? நீயே எழுதிக் கொண்டா. நல்லாவே எழுதிக்கோ, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அவள் கல்லூரி கேன்டீனில் பதினோரு நாள் உட்கார்ந்து எழுதினாள். 'உங்கள் மாணவி தவறியபோது என்ன சொன்னீர்கள்?' என்று ஒரு கேள்வி. அவள் தவறியதும் அவருக்குத் தெரியாது, தேறியதும் தெரியாது. முதலில் வழக்கமான நாலு வரியைத்தான் எழுதினாள். பிறகு கோபமோ ஏக்கமோ, ஏதோ ஒன்று கையைப் பிடித்துக்கொண்டது. தனக்கு எப்படி ஒரு வாத்தியார் வாய்த்திருக்க வேண்டுமோ அப்படி ஒருவரை எழுத ஆரம்பித்தாள். 'வாரம் ஒருமுறை அவளோடு உட்காருவேன். அவள் சொல்லி முடிக்கட்டும் என்று இருப்பேன். பிறகு எது சரியாக வரவில்லை என்று கேட்பேன். சரியாக வந்ததைப் பற்றி அவளே பேசுவாள், அதற்கு நான் தேவையில்லை.' இப்படி நாற்பது பக்கம். கேன்டீன் மேஜையில் வைத்து எழுதும்போதே இரண்டு தரம் கண் கலங்கிவிட்டது. சார் கடைசிப் பக்கத்தை மட்டும் திருப்பிக் கையெழுத்திட்டார்.

முடிவு ஒரு வியாழக்கிழமை மத்தியானம் வந்தது. மெயில் இல்லை, தர்சினியே அழைத்தாள். அவள் முகத்தில் சந்தோஷமும் தயக்கமும் சேர்ந்து இருந்தன. நாலாயிரம் ஒத்திகையில் மூவாயிரத்து நூற்றுப் பன்னிரண்டில் இசக்கியின் வேலை உருப்படியாக முடிந்திருக்கிறதாம். ஹெல்மர் தொடங்கிய நாளிலிருந்து இப்படி ஒரு எண் வந்ததில்லையாம்.

"அப்பம் எனக்குக் கெடச்சிருச்சா?"

தர்சினி ஒரு காகிதத்தை எடுத்துப் பார்த்தாள். இவ்வளவு பெரிய எண் வந்ததால் காரணம் என்ன என்று பார்க்கச் சொன்னார்களாம்.

"உங்களை வச்சுக்கொண்டு உங்கட பேராசிரியரை வெளியில எடுத்துப்போட்டுப் பாத்தம், இசக்கி. இருநூறு கூட வரேல்லை. பிறகு அவரை வச்சுக்கொண்டு உங்களுக்குப் பதிலா வேற ஒராளைப் போட்டம். ரெண்டாயிரத்துத் தொளாயிரம் வந்தது. ஆரைப் போட்டாலும் வருது. அந்த மனுசன் கேள்வி கேக்கிற விதம் அப்பிடி."

ஆகவே தேர்வுக் குழு வேறொன்று தீர்மானித்திருந்தது. ஒரு மாணவியை எடுப்பதைவிட அந்த வழிகாட்டியையே ஒஸ்லோவுக்கு அழைத்து, உலகமெங்குமிருந்து வரும் இருபது இளம் ஆய்வாளர்களையும் அவர் கையில் ஒப்படைப்பது. அவர் ஓர் உதவியாளரைக் கூட்டி வரலாம். அந்த இடத்துக்கு இசக்கியின் பெயரைத் தானே முன்மொழிந்திருப்பதாகத் தர்சினி சொன்னாள். ஆய்வு அவர் பெயரில் நடக்கும், மற்றபடி எல்லாம் அதேதான்.

இசக்கிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. போனை வைத்த பிறகு அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

சாரின் அறைக்குப் போனபோது அங்கே ஏற்கெனவே ஜாங்கிரி வந்திருந்தது. ஒஸ்லோவிலிருந்து வந்த கடிதத்தோடு அவர் 'எழுதிய' நாற்பது பக்கத்தையும் இணைத்து அனுப்பியிருந்தார்கள். அவர் அதை அன்றுதான் முதன்முதலாகப் படித்திருக்கிறார். படித்துவிட்டு மனம் நெகிழ்ந்து உட்கார்ந்திருந்தார்.

"கேள்வி கேக்கதுதாம்மா வாத்தியாருக்கு வேல. சரியா வந்ததப் பத்தி நீங்களே பேசிருவீங்க, அதுக்கு நான் எதுக்கு?" என்று அவளிடமே சொன்னார்.

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் அவளைக் கலங்கடித்தது. முப்பது வருடமாகப் பிறர் எழுதிக் கொடுத்ததில் கையெழுத்திட்டுப் பழகியவருக்கு, எழுதியிருப்பது தான்தான் என்று நம்ப அரை நாள் போதுமானதாக இருந்தது. ஒன்ன விட்டுட்டுப் போவனா, நீயும் வாரே என்று ஜாங்கிரியை எடுத்து நீட்டினார். ஒஸ்லோவில் குளிர் எவ்வளவு இருக்கும் என்று அக்கறையாக விசாரித்தார். மறுநாள் துறை வாசலில் அவர் படம் போட்ட ஃபிளெக்ஸ் தொங்கியது. திங்கட்கிழமை பாராட்டுக் கூட்டம் என்று சுற்றறிக்கை வந்தது.

அந்த மூன்று நாளும் இசக்கிக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டில் எதையாவது கழுவிக்கொண்டே இருந்தாள், கழுவியதையே மறுபடியும் கழுவினாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், ஒஸ்லோ வந்துவிடும். உதவியாளர் என்றால் என்ன, கருவி அதே கருவிதானே, தண்ணீர் அதே தண்ணீர்தானே? எத்தனையோ பேர் இதைவிடப் பெரிய விஷயத்தையெல்லாம் விழுங்கிக்கொண்டு முன்னுக்கு வந்திருக்கிறார்கள். இப்படி நியாயம் பேசி முடிப்பாள். முடித்த கையோடு இன்னொரு நினைப்பு வந்து குத்தும். கணினிக்குள் இருந்த அந்த இசக்கிக்கு வாரந்தோறும் ஒரு மணி நேரம் பேச ஆள் இருந்திருக்கிறார். நூற்றுநான்கு வாரம். அவளுக்கு வாய்த்தது இவளுக்கு ஒரு வாரம்கூட வாய்க்கவில்லை. இல்லாத ஒரு பெண் மீது இவ்வளவு பொறாமை வரும் என்று அவள் நினைத்ததே இல்லை. அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள்? மூவாயிரம் தடவை எதைக் கண்டுபிடித்தார்கள்? விடை அந்த ஒத்திகைகளின் கோப்பில்தானே இருக்க வேண்டும்?

பாராட்டுக் கூட்டத்தில் சார் பொன்னாடை போர்த்திக்கொண்டு அந்த நாற்பது பக்கத்திலிருந்து ஒரு பத்தியை வாசித்தார். பிள்ளைகள் கைதட்டினார்கள். இசக்கி எழுந்து வெளியே வந்து, கல்லூரி மைதானத்து வேப்பமரத்தடியில் நின்று தர்சினியை அழைத்தாள். அந்த உரையாடல்கள் யாருக்குச் சொந்தம் என்று கேட்டாள்.

சட்டப்படி யாரைப் பற்றிய தரவோ அவருக்கு என்றாள் தர்சினி. இசக்கி பேசியதை இசக்கி வாங்கிப் படிக்கலாம். பேராசிரியர் பேசியது பேராசிரியருக்கு. பாதிப் பேச்சுத்தான் கிடைக்கும்.

"அவரு பேசுனதும் நான் பேசுனதுதான்" என்றாள் இசக்கி. எல்லாவற்றையும் சொன்னாள். அறுபது கேள்வி, கேன்டீன், பதினோரு நாள், கடைசிப் பக்கத்துக் கையெழுத்து.

தர்சினிக்கு அப்போதுதான் விளங்கியது. இரண்டையும் ஒரே கை எழுதியது போல் இருக்கிறது என்று கணினி முன்பே சொன்னதாம். நல்ல வழிகாட்டியின் நடை மாணவிக்கு ஒட்டிக்கொள்வது சகஜம் என்று இவர்கள் விட்டுவிட்டார்களாம். "இந்தியாவில இருந்து வாற கடிதங்கள் மட்டும் ஏன் இவ்வளவு அன்பா இருக்கு எண்டு நாங்கள் அடிக்கடி கதைக்கிறனாங்கள்" என்றாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள்.

"நான் இன்னும் இந்த அழைப்பைப் பதிவு செய்யத் துவங்கேல்லை, இசக்கி. நீங்கள் சொன்னதைக் கேக்காத மாதிரி நான் இருக்கலாம். அவரோட வாங்கோ. வந்தாப் பிறகு வேலை செய்யப்போறது நீங்கள்தானே. பதிவு செய்தா, கடிதம் பொய் எண்டு உங்களுக்கு மூண்டு வருசத் தடை. உங்களுக்கு ஓகஸ்டோட முடியுது. இனி எப்பவும் இல்லை எண்டுதான் அதுக்கு அர்த்தம்."

மண்டபத்திலிருந்து மறுபடியும் கைதட்டல் கேட்டது. இசக்கி மண்டபத்தைத் திரும்பிப் பார்த்தாள். பயமாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்வதற்கில்லை. ஆனால் அந்த மனிதரை உண்டாக்கியது அவள். பெற்ற பிள்ளையை அடுத்த வீட்டுக்காரர் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை.

"பதிவ ஆரம்பிங்க" என்றாள்.

சாரிடம் அவளே போய்ச் சொன்னாள். அவர் கோபப்படுவார், கத்துவார் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டு போயிருந்தாள். அவர் கத்தவில்லை. நாற்பது பக்கத்தையும் எடுத்து முதல் பக்கத்திலிருந்து புரட்டிப் பார்த்தார். தான் எழுதியதாக ஒரு வரியாவது அதில் அகப்படாதா என்று தேடியது போலத்தான் இருந்தது.

"ஸ்வெட்டர் கூட வாங்கிட்டேனேம்மா" என்றார் கடைசியில்.

அது அவளை நன்றாகவே சுட்டது. வாசலில் இருந்த ஃபிளெக்ஸை மறுநாள் காலையில் காணவில்லை. துறையில் யாரும் அவளோடு பேசவில்லை.

கோப்பு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வந்தது. மிகச் சிறப்பாக முடிந்த ஓர் ஒத்திகையின் நூற்றுநான்கு உரையாடல்கள், இரு தரப்பும் முழுசாக. ஆய்வகத்தில் அவளைத் தவிர ஆள் இல்லை. நேராகக் கடைசி வாரத்துக்குப் போய் விடையைப் பார்த்துவிட வேண்டும் என்றுதான் கை பரபரத்தது. ஆனால் திறந்ததும் முதல் வாரம்தான் வந்தது. அதில் முதல் கேள்வியே அவளை நாற்காலியில் அறைந்தது.

"ஏழு ஊர்ல தண்ணி எடுத்ததா ஆய்வேட்டுல முப்பத்தொண்ணாம் பக்கம் எழுதியிருக்கே. நாப்பதாம் பக்கத்து அட்டவணைல ஆறு ஊர்தான் இருக்கு. ஏழாவது எங்கம்மா?"

"மாதிரி சேதமாயிருச்சு சார். பாட்டில் உடஞ்சி போச்சு."

"சரி. வேற பாட்டில்ல எடுத்துட்டு வர எவ்வளவு நேரம் ஆவும்?"

கணினிக்குள் இருந்த இசக்கி அதற்கு என்ன சொன்னாள் என்று வெளியே இருந்த இசக்கி படிக்கவில்லை. மூடிவிட்டாள். பாட்டில் உடையவில்லை. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க மூன்று மாதம் இருந்தபோது, ஆறு ஊர்த் தண்ணீரும் அவள் கரிக்கு அழகாக வசப்பட்டது. ஏழாவது ஊரான செங்கமடைத் தண்ணீரில் கரி ஒன்றுமே செய்யவில்லை. ஏழு ஊரிலும் வைத்து ஃபுளோரைடு மிக அதிகமாக இருந்ததும் அதில்தான். மறுபடி செய்து பார்க்க நேரம் இல்லை, மறுபடியும் அப்படியே வந்துவிடுமோ என்ற பயம் இருந்தது. 'மாதிரி சேதமடைந்தது' என்று இரண்டு சொல் எழுதினாள். சார் கேட்கவில்லை, தேர்வாளர்கள் கேட்கவில்லை. ஆய்வேட்டை ஒரு தரம் ஒழுங்காகப் படித்த யார் வேண்டுமானாலும் கேட்டிருக்கக்கூடிய கேள்வி. ஆறு வருடத்தில் அதைக் கேட்க, அவளே ஓர் ஆளை எழுதி உண்டாக்க வேண்டியிருந்தது. அவமானத்தில் அவளுக்குக் காது சூடாகிவிட்டது.

அன்றே ஒரு பாட்டிலைக் கழுவி எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வறண்ட ஊர்களுக்குப் போகும் டிரைவர் இல்லாத மினிபஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஊர்ப் பெயரைச் சொல்லி நின்று நின்று போனது. வழியில் அவளுடைய ஆறு ஊர்களும் வந்தன. அடிபம்புகளின் மேல் சிவப்புப் பெயின்ட்டில் பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். அவளுடைய அட்டவணையைப் பார்த்துவிட்டு, இதைக் குடிக்கக் கூடாது என்று மாவட்ட அதிகாரிகள் போட்ட குறி அது. இவ்வளவு கலக்கத்திலும் அதைப் பார்த்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

செங்கமடையில் பம்பைச் சுற்றி ஒரே கூட்டம். குடங்கள் வரிசை தெருமுனை வரை போயிருந்தது. மொபெட்டில் இரண்டு பக்கமும் கேன் கட்டிக்கொண்டு ஆண்கள் காத்திருந்தார்கள். பம்பை அடித்துக்கொண்டிருந்த பெண் இவளை உற்றுப் பார்த்தாள். பேர் பேச்சித்தாய் என்றாள். நாற்பது வயது இருக்கும், சிரிக்கும்போது பல்லைச் சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டாள்.

"அன்னிக்குத் தண்ணி எடுத்துட்டுப் போன டீச்சர்லா நீங்க? போனவிய ஒண்ணும் சொல்லவே இல்லியே."

இசக்கி கையிலிருந்த பாட்டிலைப் பைக்குள் தள்ளினாள். இவ்வளவு சின்ன ஊரில் எதற்கு இத்தனை குடம் என்று மட்டும் கேட்டாள்.

பேச்சித்தாய் தன் குடத்தை நகர்த்தி அடுத்தவளுக்கு இடம் விட்டாள்.

"எல்லாம் சுத்துப்பட்டு ஆறு ஊர் ஆளுவதான் டீச்சர். அவிய பம்புலல்லாம் செவப்பு அடிச்சிட்டாவல்லா. நீங்க சோதிச்சதுல எங்க பம்பு ஒண்ணுக்குத்தான அடிக்காம விட்டாவ. அதான் இப்பம் எல்லாரும் இங்க வந்து குடிக்காவ."